ஈரல் அழற்சியும் ஈரல் புற்றுநோயும் ஆய்வுகூட விலங்குகளும்: திருகோணமலையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

நான் திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் மாமா உப்புவெளியில் ஒரு இரத்ததான முகாமுக்குப் போனவர், தன் உடம்பில் ஹெபடைட்டிஸ் பி (ஈரல் அழற்சி பி) வைரஸ் இருக்கிறது என்ற செய்தியோடு வீட்டுக்கு வந்தார். ஒரு வருத்தமும் இல்லாத மனிதர். அன்று வாசிக்கத் தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு வகுப்பிலும், கலியாண வீட்டிலும், கிளினிக் வாங்கிலும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வந்தன, அதிலும் விலங்குப் பரிசோதனை பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். கேட்டவர்களின் வார்த்தைகளை அப்படியே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ரீச்சர், செங்கமாரி எண்டா ஒரு வருத்தம்தானே, அதுக்கு ஏன் இத்தனை மிருகம்?

செங்கமாரி ஒரு அடையாளம் மட்டும்தான். பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளை ஈரலால் வெளியேற்ற முடியாமல் போகும்போது கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் கடுமையானாலும் கண் மஞ்சளாகும், பித்தக்கல் அடைத்தாலும் ஆகும். ஈரலைத் தாக்கும் முக்கிய வைரஸ்கள் ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து. பெயரைக் கேட்டால் கூடப்பிறந்தவை போலத் தெரியும், ஆனால் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத வேறு வேறு குடும்பங்கள் அவை. ஏயும் ஈயும் அசுத்தமான தண்ணீர், சாப்பாடு வழியே வந்து பெரும்பாலும் தானாகவே போய்விடும். பியும் சியும் உடம்பில் பல வருடங்கள் தங்கி, ஈரலைத் தழும்பாக்கி, சிலருக்குப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். டி வைரஸ் பி இருக்கிற உடம்பில் மட்டுந்தான் பிழைக்கும்.

வைரஸ்கள் வேறு என்பதால் அவை தொற்றும் விலங்குகளும் வேறு. ஏ வைரஸை மார்மோசெட் என்ற சின்னக் குரங்குகளில் வளர்த்துப் படித்தார்கள், ஈ வைரஸின் நெருங்கிய உறவு ஒன்று 1997இல் பன்றியில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் பி பற்றித்தான் பேசுவேன். 2022 கணக்கின்படி உலகத்தில் சுமார் 25 கோடி பேருக்கு அது இருக்கிறது, என் மாமாவும் அதில் ஒருவர்.

எலியில செய்து பாத்தாப் போதாதா? எலிதானே மலிவு.

ஹெபடைட்டிஸ் பி எலிக்குத் தொற்றாது, சிக்கலே அங்கேதான். ஒரு வைரஸ் ஈரல் கலத்துக்குள் நுழைய அந்தக் கலத்தின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்துகிற ஒரு புரதம் இருக்க வேண்டும், பூட்டுக்கு ஏற்ற திறப்பு மாதிரி. பி வைரஸுக்கு அது எந்தப் புரதம் என்று பல பத்தாண்டுகள் தேடினார்கள். 2012இல்தான் பெய்ஜிங்கில் ஒரு குழு கண்டுபிடித்தது: பித்த உப்புகளை ஈரலுக்குள் இழுத்துக் கொடுக்கும் என்.ரி.சி.பி. என்ற சாதாரணப் புரதம். அதைக் கண்டுபிடிக்க உதவியது துப்பையா என்ற, பார்ப்பதற்கு அணில் போன்ற ஒரு ஆசிய விலங்கின் ஈரல் கலங்கள். பி வைரஸ் தொற்றக்கூடிய மிகச் சில விலங்குகளில் அது ஒன்று.

எலியிடமும் இந்தப் புரதம் இருக்கிறது, ஆனால் அமைப்பு சற்று வேறு, வைரஸ் அதில் ஒட்டாது. சரி, மனிதப் புரதத்தையே எலிக்குக் கொடுத்தால்? அதையும் செய்து பார்த்தார்கள். வைரஸ் உள்ளே போனது, ஆனால் கலக்கருவுக்குள் தன் டி.என்.ஏ.யை ஒரு மூடிய வளையமாக்கி நிலைகொள்வதற்கான அடுத்த படி எலியின் கலத்தில் ஒழுங்காக நடக்கவில்லை. வாசலைத் திறந்துவிட்டும் வீட்டுக்குள் குடியேற முடியாத நிலை.

அப்ப எலிக்கு வராத வருத்தத்தை எலியில எப்பிடிப் படிக்கிறாங்கள்?

இரண்டு முக்கிய வழிகள் உண்டு. முதலாவது, வைரஸின் ஜீன்களை எலியின் கருக்கட்டிய முட்டையிலேயே சேர்த்துவிடுவது. அமெரிக்காவில் பிரான்சிஸ் கிசாரியின் ஆய்வுகூடம் 1980களில் இருந்து இப்படிப்பட்ட எலிகளை வளர்த்தது. அவற்றின் ஈரலில் வைரஸ் நிறைய உற்பத்தியானாலும் பெரும்பாலான எலிகளுக்கு வருத்தமே வரவில்லை. பிறந்ததிலிருந்தே இருப்பதால் அவற்றின் நிர்ப்பீடனம் (நோய் எதிர்ப்புச் சக்தி) வைரஸை அந்நியனாகப் பார்க்கவில்லை. வெளியிலிருந்து வைரஸை அடையாளம் காணும் வெண்குருதிக் கலங்களை ஏற்றிய பிறகுதான் ஈரல் வீங்கியது. அதாவது ஈரலைச் சேதப்படுத்துவது பெரும்பாலும் வைரஸ் இல்லை, அதைத் துரத்தப் போகிற எங்கள் உடம்பின் படைதான். என் மாமாவுக்கு ஏன் ஒரு அறிகுறியும் இருக்கவில்லை என்பது இதை வாசித்த அன்றுதான் எனக்கு விளங்கியது.

இரண்டாவது வழி, எலியின் சொந்த ஈரல் கலங்களை மெல்ல அழித்துவிட்டு அந்த இடத்தில் மனித ஈரல் கலங்களைக் குடியேற்றுவது. கனடாவில் 2001இல் இப்படிப்பட்ட எலிகளில் ஹெபடைட்டிஸ் சி வைரஸையே வளர்த்துக் காட்டினார்கள். மருந்து வைரஸைக் குறைக்கிறதா என்று பார்க்க அருமையான வழி. ஆனால் மனிதக் கலங்களை நிராகரிக்காமல் இருக்க அந்த எலிக்கு நிர்ப்பீடனம் இருக்கக்கூடாது. அப்படியானால் மேலே சொன்ன படையின் வேலையை அதில் பார்க்கவே முடியாது, தடுப்பூசியையும் சோதிக்க முடியாது.

வுட்சக் வுட்சக் எண்டு சொல்லுறீங்கள், அது என்ன மிருகம்? இங்க இருக்கா?

இங்கே இல்லை. வட அமெரிக்காவில் வளை தோண்டி வாழ்ந்து, குளிர்காலம் முழுக்க உறங்கிக் கிடக்கும், அணில் குடும்பத்துப் பெரிய விலங்கு. பிலடெல்பியா விலங்குக் காட்சிச்சாலையின் ஆய்வுகூடத்தில் வளர்ந்த வுட்சக்குகள் பல ஈரல் புற்றுநோயால் செத்துக்கொண்டிருந்ததை அங்கே இருந்த ராபர்ட் ஸ்னைடர் கவனித்தார். 1978இல் அவரும் ஜெஸ்ஸி சம்மர்ஸும் சேர்ந்து, அந்த விலங்குகளில் மனிதரின் பி வைரஸுக்கு உறவான ஒரு வைரஸ் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆய்வுகூடத்தில் உருவாக்கியது கிடையாது, இயற்கையில் தானாக இருந்த வைரஸ்.

அது நடந்துகொண்ட விதம் மனிதரில் நடப்பதை அப்படியே ஒத்திருந்தது. பிறந்தவுடன் தொற்றினால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க வைரஸைச் சுமக்கும் காவியாகிவிடும், வளர்ந்த பிறகு தொற்றினால் பெரும்பாலும் குணமாகிவிடும். மனிதரில் கைக்குழந்தைக்குத் தொற்றினால் சுமார் 90 வீதம் நிரந்தரமாகிறது, வளர்ந்தவர்களில் 5 வீதத்துக்கும் குறைவு. காவிகளான வுட்சக்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வயதுக்குள், ஈரல் புற்றுநோய் வந்தது. மனிதரில் முப்பது நாற்பது வருடம் எடுக்கும் கதையை இதில் நான்கு வருடத்தில் பார்க்கலாம்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. வுட்சக் வைரஸ் போய்ச் செருகிக்கொள்கிற இடம் பெரும்பாலும் ஒரே புற்றுநோய் ஜீனின் பக்கம், மனிதரில் அப்படி ஒரு நிலையான இடம் இல்லை. அதோடு மனிதருக்குப் புற்றுநோய்க்கு முன் வழமையாக வரும் ஈரல் தழும்பு வுட்சக்கில் பெரிதாக வராது.

எங்கட வீட்டில தாரா வளர்க்கிறம். தாராவுக்கும் ஹெபடைட்டிஸ் பி இருக்கெண்டு மகன் சொல்லுறான், முட்டை சாப்பிடலாமா?

பயமில்லாமல் சாப்பிடுங்கள் அக்கா. தாராவின் வைரஸ் தாராவுக்குத்தான், மனிதருக்குத் தொற்றாது. மகன் சொன்னதில் பாதி சரி. 1980இல் பீக்கிங் தாராக்களில் பி குடும்பத்து வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், தாயிலிருந்து முட்டை வழியே குஞ்சுக்குப் போகிறது, ஆனால் தாராவுக்குப் பெரிய தீங்கொன்றும் செய்வதில்லை.

ஆனாலும் அந்தத் தாராவுக்கு நாங்கள் நிறையக் கடன்பட்டிருக்கிறோம். 1982இல் சம்மர்ஸும் வில்லியம் மேசனும் தாரா ஈரலை வைத்து, இந்த வைரஸ் தன் டி.என்.ஏ.யை ஆர்.என்.ஏ. வழியாகத் திருப்பி எழுதித்தான் பெருகுகிறது என்று காட்டினார்கள். எச்.ஐ.வி. போன்ற வைரஸ்கள் பயன்படுத்தும் அதே வித்தை. எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரை ஏன் பிக்கும் வேலை செய்கிறது என்று கிளினிக்கில் பலர் கலங்கிப்போய்க் கேட்டிருக்கிறார்கள், காரணம் இதுதான். அந்த மாத்திரை எழுதியதால் உங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதாக அர்த்தம் இல்லை.

நாய்க்குப் போடுற ஊசியிலயும் ஹெபடைட்டிஸ் எண்டு எழுதியிருக்கே?

அது அடினோவைரஸ் என்ற வேறொரு கூட்டம். ஈரலைத் தாக்குவதால் அந்தப் பெயர். நாயிடமிருந்து உங்களுக்கு வராது.

கோணேசர் கோயிலடிக் குரங்குகளுக்கு வருமா? குரங்கும் மனிசனும் கிட்டத்தானே.

அவை மக்காக்கு இனம், மனிதரின் பி வைரஸ் அவற்றுக்குத் தொற்றாது. முன்பு சொன்ன அதே என்.ரி.சி.பி. புரதத்தில் ஒரு மிகச் சிறிய மாற்றம்தான் காரணம். மனிதப் புரதத்தை மக்காக்குகளின் ஈரலுக்குக் கொடுத்தபோது வைரஸ் தொற்றியது என்று 2017இல் காட்டியிருக்கிறார்கள்.

உண்மையில் நெருங்கியது சிம்பன்சி. பிக்கான முதல் தடுப்பூசி காவிகளின் குருதியிலிருந்து தயாரிக்கப்பட்டு, சிம்பன்சிகளில் சோதிக்கப்பட்டு, 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெயரே இல்லாமல் இருந்த சி வைரஸ் இரத்தம் வழியே பரவுகிற ஒரு கிருமி என்பதை ஹார்வி ஆல்டர் 1978இல் நோயாளிகளின் குருதியைச் சிம்பன்சிகளுக்குக் கொடுத்துக் காட்டினார், 1989இல் மைக்கேல் ஹோட்டனின் குழு அந்த வைரஸைப் பிடித்ததும் தொற்றிய சிம்பன்சியின் குருதியிலிருந்துதான். ஆல்டர், ஹோட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது.

2015இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகம் சிம்பன்சி ஆய்வுகளுக்கு ஆதரவு கொடுப்பதை முற்றாக நிறுத்தியது. எனக்கு அது சரியாகவே படுகிறது. அதன் விலையும் உண்மை: சி வைரஸுக்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை, நிர்ப்பீடனத்தோடு சேர்த்துச் சோதிக்க வசதியான விலங்கு இல்லாதது அதற்கு ஒரு காரணம். எலிகளில் காணப்பட்ட சி வைரஸின் உறவுக்கார வைரஸ் ஒன்றை வைத்து இப்போது முயற்சி நடக்கிறது.

கீழ்க்காய்நெல்லி குடிச்சு எங்கட அப்பப்பாவுக்குச் செங்கமாரி சுகமானது. நீங்கள் அதை ஏன் நம்பமாட்டன் எண்டுறீங்கள்?

நான் அப்படிச் சொன்னதே இல்லை. என் அம்மம்மாவும் கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கலந்து தந்தவர்தான். இதை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காக என்றும் சொல்லலாம், ஏனென்றால் எங்கள் வேலியோரத்துச் செடி வுட்சக் வரைக்கும் போய்வந்திருக்கிறது.

பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பெர்க் தானே இதில் இறங்கினார். 1987இல் அவரது குழு, கீழ்க்காய்நெல்லிச் சாற்றை ஊசியாகக் கொடுத்தபோது வைரஸ் தொற்றிய சில வுட்சக்குகளில் வைரஸின் அளவு குறைந்ததாக எழுதியது. அடுத்த வருடமே சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் புளும்பெர்கோடு சேர்ந்து காவிகளுக்கு முப்பது நாள் அந்த மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் காணாமல் போனது, மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். அந்த எண்களை முதலில் வாசித்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது, மாமாவுக்கு உடனே தொலைபேசி எடுக்கப் பார்த்தேன்.

அப்புறம் மற்றவர்கள் செய்து பார்த்தார்கள். தாராக்களுக்குக் கொடுத்தபோது வைரஸ் குறையவில்லை. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் காவிகளுக்குக் கொடுத்தபோதும் சென்னையில் கிடைத்த பலன் கிடைக்கவில்லை. செடியின் இனம், பறித்த இடம், காலம், தயாரித்த முறை எல்லாம் வேறுபட்டிருக்கலாம் என்று சொல்கிறார்கள், இருக்கலாம்தான். ஆனால் இன்னொருவர் கையில் திரும்ப வராத பலனை நம்பி ஒருவரின் ஈரலை ஒப்படைக்க முடியாது.

உங்கள் அப்பப்பாவுக்கு வந்தது ஏ வைரஸாக இருந்திருந்தால், முதல் பதிலில் சொன்னதுபோல, அது தானாகவே போயிருக்கும். மருந்து கொடுத்ததும் உண்மை, சுகமானதும் உண்மை, இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று அந்த ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. பி காவி ஒருவர் டெனோஃபோவிரை நிறுத்திவிட்டுக் கீழ்க்காய்நெல்லி குடிப்பதைத்தான் நான் தடுக்கிறேன். மாத்திரையைத் திடீரென்று விட்டால் வைரஸ் சடாரென்று எழும்பி ஈரல் செயலிழக்கும் அளவுக்குப் போகலாம்.

கச்சானில பூஞ்சணம் பிடிச்சா ஈரல் புற்றுநோய் வரும் எண்டது வெறும் வாட்ஸ்அப் கதையா?

கதை இல்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. தீவனத்தில் இருந்த பிரேசில் கச்சான் பிண்ணாக்கைத் தேடிப்போய்க் கண்டதுதான் அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு. அதைத் தின்ற பெரிய எலிகளுக்கு (rat) ஈரல் புற்றுநோய் வந்தது. ஆனால் வளர்ந்த சுண்டெலிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அதன் ஈரல் அந்த நஞ்சை வேகமாக முறித்துவிடும். சுண்டெலியை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் அஃப்ளடொக்சின் பாதுகாப்பானது என்று முடிவு எழுதியிருப்பார்கள்!

சீனாவின் ஷாங்காயில் 1990களில் செய்த ஆய்வில், இந்த நஞ்சுக்கு ஆளானவர்களுக்கு ஈரல் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய 3 மடங்கு, பி வைரஸ் மட்டும் உள்ளவர்களுக்கு ஏறக்குறைய 7 மடங்கு, இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 60 மடங்கு என்று கண்டார்கள். ஆகவே பி காவி உள்ள வீட்டில் நிறம் மாறிய, கசக்கிற கச்சானையும் பழுதான சோளத்தையும் தயங்காமல் வீசுங்கள். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது.

மிருகத்தில பிழையில்லாத மருந்து மனிசரைக் கொன்றதாமே, உண்மையா?

உண்மை. பிக்கான ஃபியாலூரிடின் என்ற மருந்து. 1993இல் அமெரிக்காவில் 15 நோயாளிகள் கொண்ட ஒரு பரிசோதனையில் ஏழு பேருக்கு ஈரல் மோசமாகப் பழுதடைந்தது, ஐந்து பேர் இறந்தார்கள், இரண்டு பேர் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையால் தப்பினார்கள். அதற்கு முன் எலி, நாய், குரங்கு எல்லாவற்றிலும் கொடுத்துப் பார்த்திருந்தார்கள், இந்த ஆபத்து தெரியவில்லை. கலத்துக்குச் சக்தி தயாரிக்கும் இழைமணிக்குள் அந்த மருந்தைக் கொண்டுபோகும் புரதம் மனிதரில் அங்கே இருக்கிறது, எலியில் இல்லை.

பிறகு வுட்சக்குகளுக்குப் பல வாரங்கள் தொடர்ந்து கொடுத்தபோது அதே மாதிரி ஈரல் செயலிழந்தது. 2014இல், மேலே சொன்ன மனித ஈரல் கலங்கள் கொண்ட எலிகளிலும் அந்த நஞ்சுத்தன்மை தெரிந்தது. சரியான விலங்கை, போதிய நாள் கவனித்திருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும். இறந்த அந்த ஐந்து பேரையும் நினைக்காமல் என்னால் இந்தப் பாடத்தைப் படிப்பிக்க முடிவதில்லை.

ஈரல் புற்றுநோய் ஏன் ஆம்பிளையளுக்குக் கூட? குடிதானே காரணம்?

குடி ஒரு காரணம், முழுக் காரணம் இல்லை. சுண்டெலிக் குட்டிகளுக்கு டி.ஈ.என். என்ற இரசாயனத்தை ஒருமுறை ஊசியாகக் கொடுத்தால் வளர்ந்தபின் கிட்டத்தட்ட எல்லா ஆண் எலிகளுக்கும் ஈரல் கட்டி வரும், பெண் எலிகளில் மிகச் சிலவற்றுக்கே. எலி குடிப்பதில்லையே. ஈரலில் அழற்சியைத் தூண்டும் ஐ.எல்.-6 என்ற பொருளை ஈஸ்ட்ரஜன் அடக்குவது இதற்கு ஒரு காரணம் என்று 2007இல் காட்டினார்கள்.

எங்கட சித்தப்பாவுக்கு வைரசும் இல்லை, குடியும் இல்லை, ஆனா ஈரல் புற்றுநோய். எப்பிடி?

இலங்கையில் ஈரல் புற்றுநோயோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு பியோ சியோ இல்லை. நீரிழிவு, வயிற்றுப் பருமன், ஈரலில் கொழுப்பு, இவைதான் இங்கே அதிகம். இதற்கும் எலிகள் உண்டு, கொழுப்பும் சீனியும் நிறைந்த உணவை மாதக்கணக்காகக் கொடுத்து வளர்ப்பார்கள். ஆனால் சில உணவுமுறைகளில் எலியின் ஈரல் பழுதாகும்போது அது உடல் பருக்காமல் மெலிந்துபோகிறது, எங்கள் சித்தப்பாமாரின் வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வைரஸ் மாதிரிகளை விட இது இன்னும் முதிராத துறை.

ரீச்சர், இவ்வளவு மிருகங்களைக் கொல்லுறது பாவமில்லையா?

கோட்டைக்குள் நடமாடும் மான்களுக்குப் பழத்தோல் கொடுத்து வளர்ந்த பிள்ளைகள் இதைக் கேட்காவிட்டால்தான் எனக்குக் கவலை. வலிக்கிறது என்பது என் பதில், அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. 1959இல் ரஸலும் பர்ச்சும் சொன்ன மூன்று விதிகளை இன்று ஆய்வு நெறிமுறைக் குழுக்கள் கேட்கின்றன: விலங்கில்லாமல் செய்ய முடியுமானால் அப்படியே செய், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. சி வைரஸின் மருந்துகள் இதற்கு நல்ல உதாரணம். 1999இல் அந்த வைரஸின் ஆர்.என்.ஏ.யைக் கண்ணாடிக் கிண்ணத்துக் கலங்களில் பெருக வைத்த பிறகு மருந்துத் தேடலின் பெரும்பகுதி அங்கேயே நடந்தது, இன்று 8 முதல் 12 கிழமை மாத்திரையில் 95 வீதத்துக்கு மேற்பட்டோர் குணமாகிறார்கள். தடுப்பூசிக்கும் புற்றுநோய்க்கும் அப்படி முடியவில்லை, முழு உடம்பு தேவைப்படுகிறது. தடுப்பூசி வந்ததால் பிழைத்த பிள்ளைகளையும் நான் தராசின் மறுதட்டில் வைத்துப் பார்க்கிறேன். தாய்வானில் 1984இல் குழந்தைகளுக்கு பி தடுப்பூசி கொடுக்கத் தொடங்கிய பின் சிறுவர்களின் ஈரல் புற்றுநோய் தெளிவாகக் குறைந்தது. எங்கள் நாட்டில் 2003 முதல் படிப்படியாகக் கொடுக்கிறார்கள், இப்போது 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள் அதுவும் இருக்கிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

"எலியில் ஈரல் புற்றுநோய் குணமானது" எண்டு செய்தி வந்தா எதைப் பாக்க வேணும்?

எந்த விலங்கு, அதற்கு நோய் எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். தோலுக்கடியில் வைத்த கட்டியைக் கரைப்பது வேறு, தழும்பேறிய ஈரலில் தானாக முளைத்த கட்டியைக் கரைப்பது வேறு. அந்த எலிக்கு நிர்ப்பீடனம் இருந்ததா, எத்தனை நாள் கவனித்தார்கள் என்பதையும் தேடுங்கள், ஃபியாலூரிடின் கதை அதற்குப் போதும். பிறகு, வேறு ஆய்வுகூடம் அதையே செய்து பார்த்ததா? கீழ்க்காய்நெல்லியில் நான் அவசரப்பட்டது அங்கேதான்.

அப்பாவுக்கு ஏ.எஃப்.பி. எண்டு ஒரு இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தவை. இதுக்கும் மிருகத்துக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது தம்பி. ஏ.எஃப்.பி. என்பது வயிற்றுக்குள் இருக்கும் சிசுவின் ஈரல் தயாரிக்கும் புரதம், பிறந்தபின் மிகவும் குறைந்துவிடும். 1963இல் சோவியத் ஒன்றியத்தில் கேரி ஆபெலெவ், ஈரல் கட்டி உள்ள எலிகளின் இரத்தத்தில் அது திரும்ப வந்திருப்பதைக் கண்டார். அடுத்த வருடம் யூரி தத்தாரினோவ் அதை ஈரல் புற்றுநோய் உள்ள மனிதரிலும் கண்டார். அந்தப் பரிசோதனைதான் அப்பாவின் துண்டில் எழுதியிருப்பது.

அளவு சாதாரணமாக வந்தாலும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள், சிறிய கட்டிகள் பல ஏ.எஃப்.பி.யைக் கூட்டுவதில்லை. கூடி வந்தாலும் உடனே பயப்படாதீர்கள், ஈரல் அழற்சியாலேயே கூடலாம். ஆபத்து உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்பதுதான் வழமை. மாமாவின் அடுத்த திகதியை என் வீட்டு நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.